பூஜ்யத்துக்கு இறங்கும் முள்

“எங்கண்ணன் அந்த வண்டியை விட்டு இன்னும் இறங்கலை அண்ணி. இதுக்கு மேல எப்படிச் சொன்னா உங்களுக்குப் புரியும்?”

“இறங்கலைன்னா நீயே போய்க் கதவைத் திறந்து கூப்பிடு. உன் அண்ணன்தானே, நீ சொன்னாக் கேப்பாரு.”

“கிண்டலா இருக்கு உங்களுக்கு. அந்த ஆளு பக்கத்துல உக்காந்தாப் போதும், முள்ளு பொத்துன்னு விழுது, இன்ஜினுக்கு மூச்சு வாங்குது. என் கண்ணால பாத்தேன்.”

“என் காருக்குள்ள நீ எதுக்கு எட்டிப் பாத்தே? முதல்ல அதைச் சொல்லு.”

எதிர்வீட்டு வாசலில் இந்தச் சத்தம் கிளம்பியபோது நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே காய்ந்த துணிதான். ஒரு தெரு என்றிருந்தால் விஷயம் தெரிந்தவள் ஒருத்தியாவது வேண்டும். எங்கள் தெருவில் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. நானும் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை.

அண்ணி என்று அழைக்கப்பட்டவள் தையல்காரி. வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டுக் கடைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவள். கத்தியவள் அவளுடைய நாத்தனார். அதே வீட்டின் பின்பகுதியில் இருக்கிறாள். நாத்தனாருக்கும் ஒரு புருஷன் உண்டு. அவருக்கு இந்தக் கதையில் வேலையில்லை, அந்த வீட்டிலும் பெரிதாக ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

தையல்காரியின் புருஷனை நாங்கள் கப்பல்காரர் என்போம். கப்பலின் இன்ஜின் அறையில் வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் தண்ணீரில் இருப்பார். போன இடத்திலேயே நெஞ்சுவலி வந்து, பெட்டியில்தான் திரும்பி வந்தார். அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அவர் விட்டுப்போனது அந்தக் கறுப்புக் கார். என் கல்யாணத்தைவிடப் பழையது; என் கல்யாணத்தைவிட நன்றாகவும் ஓடியது. அவர் கடலில் இருக்கும்போது தையல்காரி அதில்தான் துணி மூட்டைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோவாள். மூட்டை எப்போதும் பின்சீட்டில். முன்சீட்டில் வைத்தால் லெதர் கெட்டுவிடும் என்பது அவர் உத்தரவு. அவர் ஊரில் இருந்து வண்டி ஓட்டினாலும் பெண்டாட்டிக்குப் பின்சீட்டுதான். பக்கத்தில் இருந்தால் கவனம் சிதறுகிறதாம். ராணியம்மாவைக் கூட்டிப்போகிற மாதிரி இருக்கிறது என்று நானே என் வீட்டுக்காரரிடம் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

‘அந்த ஆளு’ என்று நாத்தனார் சொன்னது பழைய வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக்கை. இன்ஜின் சத்தத்தைக் கேட்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வார் என்பதால் அவருக்கு அரைக்கண்ணர் என்று பெயர். மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். வருஷா வருஷம் ஆயில் மாற்ற வருகிறவர், இந்த வருஷம் ஆயிலுக்கு வயதாவதற்குள் மூன்று முறை வந்தார். முதல் முறை “மேடம்” என்றார். மூன்றாம் முறை அந்த “மேடம்” காணாமல் போயிருந்தது. அது எங்கே போயிற்று என்று தெருவில் எனக்குத்தான் முதலில் தெரிந்தது.

தையல்காரி என்னிடம் ஒளிக்கவில்லை. ஒருநாள் ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே சொன்னாள்.

“அவர் கேட்டுட்டாரு அக்கா. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு.”

“நீ என்ன சொன்னே?”

“வண்டிக்கு என்னன்னு மொதல்ல கண்டுபிடிங்க, அப்புறம் சொல்றேன்னேன்.”

“இதென்னடி பதில்? வண்டிக்கும் கல்யாணத்துக்கும் என்ன இருக்கு?”

குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள். “அவர் என் பக்கத்துல உக்காந்தா மட்டும் அப்படி ஆகுது அக்கா. என் வீட்டுக்காரர் போனப்புறம் வேற எப்பவும் ஆனதில்லை. எனக்கு ராத்திரியெல்லாம் அந்த முள்ளுதான் கண்ணு முன்னால நிக்குது. என் நாத்தனார்கிட்ட வாயாடுறேனே தவிர, அவ சொல்றது பொய்னு என்னால சத்தியம் பண்ண முடியலை.”

ஆக, விஷயம் இதுதான். வண்டியின் கோளாறு வண்டியின் கோளாறாகவே இருந்துவிட்டால் அவளுக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு. வேறு எதுவாகவோ இருந்தால் அவள் அந்த முன்னறையில் காஜா எடுத்துக்கொண்டே கிழவியாக வேண்டியதுதான்.

அந்த முள் என்னவென்று எனக்கும் அப்போது தெரியாது. அரைக்கண்ணர்தான் விளக்கினார். இன்ஜினுக்குள் எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நம் உடம்பில் ரத்த அழுத்தம் மாதிரி அதற்கும் ஓர் அழுத்தம் உண்டு. டேஷ்போர்டில் ஸ்பீடு காட்டுகிற வட்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மீட்டர், அதில் ஒரு முள். முள் பூஜ்யத்துக்கு வந்தால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசி இன்ஜின் கையை விரித்துவிடும்.

“நிக்கும்போது, கியர் போடாம வெறுமனே ஓடும்போது அழுத்தம் கொஞ்சம் குறையறது சகஜம். பழைய வண்டி வேற. ஆனா பூஜ்யம் ஆகக்கூடாது. அப்படி ஆயிட்டா இந்தத் திணறல் சத்தமும் வரும்” என்றார் அவர்.

ஒரு வாரம் முழுக்க அந்த வாசலில்தான் கிடந்தார். நானும் என் மாடியில்தான் கிடந்தேன். அளவுகோலை உருவி எண்ணெயைப் பார்த்தார், விரலில் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரைக் கழற்றி ஒரு தட்டில் பரப்பி, துவாரம் துவாரமாக ஊதித் துடைத்தார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடினார். அப்புறம் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இன்னொரு முனையை இன்ஜினைச் சுற்றி நகர்த்தினார். எங்காவது காற்று கசிந்தால் ‘உஸ்’ என்று கேட்குமாம். ஒன்றும் கேட்கவில்லை. வண்டி பூனை தூங்குகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அவரே தனியாக ஓட்டிக்கொண்டு போனார். முள் அசையவில்லை. தையல்காரியைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டினார். வாசலில் நிறுத்தி, கியர் போடாமல் ஐடிலிங்கில் விட்டும் பார்த்தார். அப்போதும் ஒன்றுமில்லை. சரியாகிவிட்டது என்று முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினார். “இப்ப நீங்க ஓட்டுங்க” என்று அவளை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து, தான் சுற்றி வந்து பக்கத்தில் ஏறினார்.

கதவைச் சாத்தியதுதான் தாமதம். வண்டியின் முகம் நடுங்கியது. சத்தம் ஏறியது, இறங்கியது, நின்றுவிடும்போல் ஆகித் தட்டுத்தடுமாறி மறுபடி ஏறியது. நடுமத்தியானம், தெருவெல்லாம் வெயில். மாடியில் நான் காய்ந்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

அவர் இறங்கினார். இரண்டு மூச்சு விடுவதற்குள் இன்ஜின் சமாதானமாகிவிட்டது.

வண்டிக்கு அவர்மேல் கோபமில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. அவர் ஓட்டலாம், திறக்கலாம், கழற்றலாம், எல்லாவற்றுக்கும் சம்மதம். அவள் பக்கத்தில் உட்காருவது மட்டும்தான் கூடாது.

அன்று சாயங்காலம் என்னையும் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். அரைக்கண்ணர் தன்னுடைய சொந்த மீட்டர் ஒன்றை நேராக இன்ஜினிலேயே திருகியிருந்தார். “அக்கா, நான் உள்ள போய் உக்காந்துக்கறேன். நீங்க இந்த மீட்டரை மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்றார். பானெட்டுக்கு முன்னால் குனிந்து நின்றேன். அவர் ஏறினார். இன்ஜின் என் முகத்துக்கு நேரே திக்கித் திணறியது.

“முள்ளு பூஜ்யம்” என்று உள்ளிருந்து தையல்காரியின் குரல் வந்தது.

என் கண்முன்னால் இருந்த மீட்டரில் முள் லேசாக நடுங்கியதே தவிர விழவில்லை. பார்த்ததைச் சொன்னேன்.

அரைக்கண்ணர் இறங்கி வந்து ஒரு தடவை தானே பார்த்துக்கொண்டார். “எண்ணெய் நல்லாத்தான் ஓடுது. உள்ள இருக்கிற முள்ளுதான் பொய் சொல்லுது.”

“யாரு சொல்லச் சொல்றாங்களாம்?” என்றாள் நாத்தனார். அவள் எப்போது வந்து நின்றாள் என்று யாருக்கும் தெரியாது. “சத்தமும் பொய்யா? திணறுதே, அது பொய்யா? எங்கண்ணனுக்குப் பிடிக்கலை. அவ்வளவுதான் விஷயம்.”

தையல்காரி இன்ஜினை நிறுத்தாமலே கண்ணாடியை இறக்கினாள். “அப்போ நீ வந்து உக்காரு.”

“நான் எதுக்கு?”

“உன் அண்ணன் வண்டி. கூடப்பிறந்தவளைப் பிடிக்காமப் போயிடுமா? வா, வந்து உக்காந்து காட்டு.”

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோர்ட்டில் சாட்சிக்கூண்டில் ஏறுகிற மாதிரி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

முள் விழுந்தது. இன்ஜின் திணறியது.

நாத்தனார் இறங்கும்போது அவள் முகத்தில் பொட்டு ரத்தமில்லை. “என்னையுமா?” என்றாள். யாரைப் பார்த்துக் கேட்டாள் என்று தெரியவில்லை. “நான் என்ன பண்ணினேன் அவனுக்கு?”

அடுத்தது நான். வேண்டாம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது; ஆனால் அப்படி ஒரு விஷயம் என் தெருவில் நடந்து, அதில் நான் உட்காராமல் இருந்தேன் என்று பின்னால் எப்படிச் சொல்லிக்கொள்வது? ஏறினேன். உட்கார்ந்ததும் எனக்குக் கீழே, தொடைக்கு அடியில், யாரோ பல்லிடுக்கில் மூச்சை உள்ளிழுக்கிற மாதிரி ஒரு சத்தம். மெலிந்த, பொறுமையான சத்தம். முள்ளை ஒரு விரல் வைத்து அழுத்தியதுபோல அது மெதுவாகப் பூஜ்யத்துக்கு இறங்கியது.

“கீழ யாரோ மூச்சு விடறாங்கடி” என்றேன்.

அரைக்கண்ணர் தலையில் அடித்துக்கொண்டார். “ஆளைப் பாத்து இல்லை. யாரு உக்காந்தாலும் விழுது. சீட்டு. நான் இத்தனை நாளா இன்ஜினையே பாத்துட்டிருக்கேன்.” காதல் வந்தால் மெக்கானிக்குக்கும் மூளை ஐடிலிங்கில்தான் ஓடும்போல.

என்னை இறக்கிவிட்டு, தையல்காரி திறந்த கதவருகே மண்டியிட்டாள். சீட்டின் அடிவிளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“இது என் தையல்” என்றாள்.

“நீ எப்போ தச்சே?”

“நான் தைக்கலை அக்கா. என் மிஷின் தச்சது. கனமான துணியில அடிநூல் இப்படித்தான் தளர்ந்து வளையம் விழும். எத்தனை தடவை பிரிச்சுத் தச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? வேற மிஷின்ல இப்படி விழாது. நூலும் என்னுதுதான்.”

உள்ளே போய் தையல் பிரிக்கிற கத்தியை எடுத்து வந்தாள். அவள் அதைப் பிரித்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை; கடைக்காரர் திருப்பி அனுப்பிய சட்டையைப் பிரிக்கிற மாதிரி, ஓர் இழைகூடக் கிழியாமல், அவசரமில்லாமல் பிரித்தாள்.

சீட்டின் பஞ்சைச் சதுரமாக வெட்டி எடுத்திருந்தார்கள். அந்தக் குழிக்குள் ஒரு மரப்பலகை, அதன்மேல் காலிங்பெல் பித்தான் மாதிரி ஒன்று. அதிலிருந்து ஒரு ஒயர் போயிற்று. பக்கத்தில் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று, வாயில் ஸ்பிரிங் வைத்த மூடியோடு. எதுவும் எதிலும் உரசாமலிருக்க ஓரங்களுக்கு நாடா ஒட்டியிருந்தது. கடைசல் பிடித்த மாதிரி சுத்தமான வேலை. பல வருஷம் இன்ஜின் அறையில் இருந்த கை.

அரைக்கண்ணர் தரைவிரிப்பைத் தூக்கிக் குழாயைப் பிடித்துக்கொண்டே போனார். அது முன்பலகையில் ஒரு துளை வழியாகப் புகுந்து, ஹீட்டர் குழாய்களோடு ஒன்றாகக் கட்டப்பட்டு, இன்ஜின் காற்றை இழுக்கிற வழியில் போய்ச் சேர்ந்தது. யாராவது உட்கார்ந்தால் மூடி திறக்கும்; இன்ஜின் சீட்டுக்கடியிலிருந்து காற்றை இழுக்கும்; பெட்ரோலும் காற்றும் அளவு கெட்டு வண்டி திணறும். அதே நேரம் பித்தான் மீட்டரின் ஒயரைத் துண்டித்துவிடும். முள் பூஜ்யத்துக்குப் போகும். ஓட்டுகிறவள் பயந்து வண்டியை நிறுத்துவாள். பக்கத்தில் இருப்பவர் இறங்கிப் போவார்.

“ஏதோ பாதுகாப்புக்குப் பண்ணியிருப்பான்” என்றாள் நாத்தனார், குரல் உள்ளே போய். “திருடன் கிருடன்...”

“திருடன் பக்கத்து சீட்டுலயா வந்து உக்காருவான்?” என்றேன் நான்.

தையல்காரி வாசல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அளவு சரிவராத சட்டையைப் பார்க்கிற மாதிரி அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவர் கப்பல்ல இருந்து வந்ததும் மொத கேள்வி என்ன கேப்பாரு தெரியுமா அக்கா? எப்படி இருக்கேன்னு கேக்கமாட்டாரு. முள்ளு எப்பவாவது விழுந்துச்சான்னுதான் கேப்பாரு. வண்டிமேல அவ்வளவு பிரியம், எப்பவாவது விழறது பழைய வண்டிக் கோளாறுன்னு நினைச்சேன். நானும் யோசிச்சு யோசிச்சு உண்மையைச் சொல்லுவேன். அன்னிக்கு மழையில கடைக்காரர் பையனை ஏத்தினேன், அப்போ விழுந்துச்சுன்னு. கோடி வீட்டு டீச்சரோட தம்பியைப் பஸ் ஸ்டாண்டுல விட்டேன், அப்போ விழுந்துச்சுன்னு. சரிம்பாரு. அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு, அந்தக் கடைத் துணி தரமில்லை, இனிமே தைக்க வேண்டாம்பாரு. அந்த டீச்சர் சகவாசம் சரியில்லைம்பாரு.” கத்தியை மடக்கினாள். “நானே சொல்லியிருக்கேன் அக்கா. ஒவ்வொண்ணா நானே சொல்லியிருக்கேன்.”

நாத்தனார் மெல்லக் குனிந்து, தன் முந்தானையால் அந்த மரப்பலகையைப் போர்த்தினாள். பிணத்தை மூடுகிற மாதிரி இருந்தது.

அரைக்கண்ணர் குழாயைப் பிடுங்கி, துளையை அடைத்து, ஒயரை மீட்டருக்கு நேராக இணைத்தார். குழாயையும் பலகையையும் என் கண்முன்னால் துண்டு துண்டாக வெட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு முன்சீட்டில் உட்கார்ந்தார். இன்ஜின் மறுபடி பூனையாய்த் தூங்கியது. முள் நிமிர்ந்து நின்றது. தையல்காரி ஸ்டீயரிங்கில் கைவைத்தபடி, “சரி” என்றாள். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி.

கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன அன்று சாட்சிக் கையெழுத்துப் போட என்னையும் அழைத்துப்போனார்கள். நான் பின்சீட்டில் இருந்தேன். அவள் ஓட்டினாள், அவர் பக்கத்தில். காலையில் தன் மீட்டரைத் திருகி எல்லாம் சரிபார்த்துவிட்டதாக அவர் சொன்னார். தெருமுனை வரை நன்றாகப் போனது. பெரிய ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றோம்.

சத்தம் ஏறியது. இறங்கியது. இரண்டு சீட்டுக்கும் நடுவே நான் எட்டிப் பார்த்தேன். முள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்தபோது இறங்கிய அதே நிதானம். பூஜ்யத்தில் போய்ப் படுத்தது. அவருக்குக் கீழேயிருந்து அந்த மூச்சிழுக்கிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. குழாய் இல்லை, மூடி இல்லை, பித்தான் இல்லை. எல்லாம் எப்போதோ குப்பை வண்டியில் போய்விட்டது.

அரைக்கண்ணர் ஒரு கண்ணை மூடினார். பிறகு திறந்து, கதவின் கைப்பிடியில் கைவைத்தார். “நான் இறங்கிப் பின்னால...”

“உக்காருங்க” என்றாள் அவள்.

“முள்ளு...”

“காலையில எண்ணெய் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அழுத்தம்?”

“நல்லா இருந்துச்சு. என் மீட்டர் பொய் சொல்லாது.”

“அப்போ அது கேட்டுட்டே இருக்கட்டும். நான் பதில் சொல்லப்போறதில்லை.”

விளக்கு பச்சையானது. அவள் கியரைப் போட்டு, வண்டி திணறத் திணறக் கிளம்பினாள். வழியெல்லாம் ஒரு தடவைகூட அந்த மீட்டர் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் பார்த்தேன். முள் எழுந்திருக்கவே இல்லை. வண்டியும் நிற்கவில்லை.

திரும்பி வரும்போது எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். நான் பஸ்ஸில் வந்தேன்.

அந்த வருஷம் முடிவதற்குள் இருவரும் அரைக்கண்ணரின் சொந்த ஊருக்கே குடிபோனார்கள். மிஷினைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு அந்தக் காரில்தான் போனார்கள்; அவள் ஓட்ட, அவர் முன்சீட்டில். அங்கே அவள் நாலு பெண்களை வேலைக்கு வைத்துப் பெரிதாகத் தைக்கிறாளாம். நாத்தனார் சில மாதம் அந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் புருஷனோடு, கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் இருக்கப் போய்விட்டாள். அண்ணியும் நாத்தனாரும் இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்வி. என்ன பேசுகிறார்கள் என்று இரண்டு பேருமே எனக்குச் சொல்வதில்லை.